புளியோதரை: காய்ச்சலும் கலவையும்

புளிக்காய்ச்சல் ஒரு சமையல், உதிரியாக வடித்த சோறு இன்னொரு சமையல். இரண்டும் தனித்தனியே முடிந்து, ஆறிய பிறகு கூடுவதுதான் புளியோதரை. பிசிபேளே பாத்தில் அரிசியும் பருப்பும் புளியும் ஒரே பாத்திரத்தில் குழைந்து வேகும். பிரியாணியில் மசாலாவின் ஆவியிலேயே அரிசி வெந்து முடியும். புளியோதரையில் அரிசி வேகும் வரை புளி அதன் பக்கமே வருவதில்லை.

இப்படிப் பிரித்துச் சமைப்பதற்குக் காரணம் உண்டு. புளியோதரை கோயிலில் நிவேதனமாகவும் வழியில் கட்டுச்சோறாகவும் வளர்ந்த உணவு. அடுப்பை விட்டு இறங்கும் நேரத்துக்கும் வாய்க்குப் போகும் நேரத்துக்கும் நடுவே இரண்டு இடத்திலும் பல மணி நேரம் கடந்துவிடும். அந்த இடைவெளியைத் தாங்குவதற்கென்றே இதன் ஒவ்வொரு படியும் அமைந்திருக்கிறது. புளியை நீர் வற்றக் காய்ச்சுவது, நல்லெண்ணெயைத் தாராளமாக விடுவது, சோற்றை ஆற வைப்பது, வெங்காயத்தையும் தேங்காய்த் துருவலையும் தள்ளி வைப்பது எல்லாம் அதற்காகத்தான். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குக் கட்டிக்கொண்டு போகும் சித்ரான்னங்களில் தேங்காய்ச் சாதத்தை மதியத்துக்குள் தீர்த்தாக வேண்டும். தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். மாலை வரை சுவை மாறாமல் நிற்பது புளியோதரை. சுடச்சுடக் கலந்து உடனே பரிமாறும் புளியோதரை உணவகங்களில் கிடைக்கிறது. அது பசிக்கு உதவும், அவ்வளவுதான்.

புளி

புளியமரம் வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் தோன்றியது. இந்தியாவுக்கு மிகப் பழங்காலத்திலேயே வந்து, தென்னாட்டுச் சாலையோரங்களின் சொந்த மரமாகிவிட்டது. இதன் புளிப்புக்கு முதன்மையான காரணம் டார்டாரிக் அமிலம். பெரும்பாலான பழங்கள் பழுக்கும்போது புளிப்பு குறைந்து இனிப்பு ஏறும். புளியில் பழுத்த பிறகும் அமிலம் அப்படியே நிற்க, சர்க்கரை மட்டும் கூடுகிறது. நல்ல புளியில் நாக்கைக் கூசவைக்கும் புளிப்புக்குப் பின்னால் ஓர் இனிப்பு தெரிவது அதனால்தான்.

மாசி, பங்குனியில் உலுக்கி எடுத்த புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் அது பொருத்தம். புளியோதரைக்கு ஓராண்டு கடந்த பழம்புளியே வேண்டும். சேமிப்பில் இருக்கும்போது சர்க்கரையும் புரதப் பொருள்களும் மெல்ல வினைபுரிந்து நிறம் கறுக்கிறது, புளிப்பின் கூர்மை மழுங்குகிறது, மணம் அடர்கிறது. புதுப்புளியை மட்டுமே வைத்துச் செய்தால் காய்ச்சல் வெளிறிய நிறத்தில், பல்லைக் கூசவைக்கும் புளிப்போடு நிற்கும். பழம்புளி கிடைக்காதபோது சிறிது வெல்லம் கூட்டிச் சமாளிக்கலாம். அந்த ஆழம் முழுமையாக வராது.

வீட்டில் அடைத்து வைத்த புளியில் உப்பு சேர்ந்திருக்கும். அதைப் பயன்படுத்தினால் கீழே சொல்லும் உப்பில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்க வேண்டும். கொட்டை, நார், ஓடு மூன்றும் நீக்கிய பிறகே எடை போட வேண்டும். கொட்டையோடு வாங்கும் புளியில் கணிசமான பகுதி கழிவாகப் போய்விடும்; அதைக் கணக்கில் கொள்ளாமல் செய்தால் காய்ச்சலில் புளிப்பு நிற்காது.

எண்ணெயும் காரமும்

புளியோதரைக்கு நல்லெண்ணெய்தான். மணம் ஒரு காரணம், கெடாமை இன்னொன்று. எள்ளெண்ணெயில் இயல்பாகவே உள்ள செசமோல் போன்ற பொருள்கள் எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்துகின்றன. சுத்திகரித்த கடலை எண்ணெயிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ காய்ச்சிய புளி, முதல் நாள் குறையில்லாமல் இருந்தாலும் ஜாடியில் இரண்டு வாரம் கடந்ததும் மணம் தேய்ந்துவிடும். செக்கில் எள் ஆடும்போது கருப்பட்டி சேர்ப்பது தமிழ்நாட்டு வழக்கம். அந்த எண்ணெயின் மெல்லிய இனிப்பு புளிக்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

காரத்தில் இரண்டு மரபுகள் உண்டு. வீட்டுப் புளியோதரையில் காய்ந்த மிளகாய். பல பெருமாள் கோயில் மடப்பள்ளிகளில் மிளகு. மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் வந்த அமெரிக்கப் பயிர். தாளிப்பில் சேரும் நிலக்கடலையும் முந்திரியும் கூடத் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவைதான். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது புளி, மிளகு, எள், பருப்பு, கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை. மிளகை நம்பிச் செய்யும் புளியோதரை ஏறக்குறைய இந்தப் பழைய அடுக்கிலேயே நிற்கிறது. அதன் காரம் நாக்கில் உறைப்பதைவிடத் தொண்டையில் தங்கும். மிளகாயில் செய்பவர்கள் நிறத்துக்கு நீள மிளகாயும் காரத்துக்குக் குண்டு மிளகாயும் கலந்து போடுவது நல்லது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குத் தோல் தடிப்பு. எண்ணெயில் பொரிந்தும் உடனே கருகாது.

அளவு

இங்கே கொடுக்கும் அளவு 750 கிராம் அரிசிக்கானது. மதிய உணவாக மட்டும் பரிமாறினால் 5 அல்லது 6 பேருக்குப் போதும். இலையில் பல பண்டங்களில் ஒன்றாக வைத்தால் 10 பேருக்கு வரும்.

காய்ச்சலுக்கு: சுத்தம் செய்த பழம்புளி 100 கிராம், நல்லெண்ணெய் 150 மில்லி, கல்லுப்பு 30 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, வெல்லம் 10 கிராம். தாளிக்க: கடுகு ஒரு தேக்கரண்டி, கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, உளுத்தம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, நிலக்கடலை 75 கிராம், காய்ந்த மிளகாய் 8, கறிவேப்பிலை இரண்டு ஆர்க்கு. வறுத்துப் பொடிக்க: தனியா மூன்று மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 8, மிளகு ஒரு தேக்கரண்டி, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, எள் இரண்டு மேசைக்கரண்டி. சோற்றில் விட்டுப் பிசற நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி தனியாக வேண்டும்.

எண்ணெயின் அளவைப் பார்த்துப் பலரும் பாதியாக்கி விடுகிறார்கள். உடனே உண்பதற்கென்றால் அதில் கெடுதல் இல்லை. காய்ச்சலை ஜாடியில் வைப்பதென்றால் எண்ணெயைக் குறைக்கக் கூடாது. மேலே மிதக்கும் எண்ணெய்தான் காற்றையும் ஈரத்தையும் தடுக்கிறது.

மடப்பள்ளியில் நிவேதனத்துக்கு முன் ருசி பார்க்கும் வழக்கம் இல்லை. அங்கே சமைப்பவர்கள் படியையும் கைப்பிடியையும் நம்பியே உப்பும் புளியும் போடுகிறார்கள். ஆண்டு முழுதும் ஒரே சுவை வருவதற்கும் அதுவே காரணம். வீட்டில் ருசி பார்க்கத் தடை ஏதும் இல்லை. ஆனாலும் புளியோதரையில் அடுப்பிலிருக்கும்போது பார்க்கும் ருசி ஏமாற்றும் என்பதால், முதல் இரண்டு மூன்று முறை தராசில் நிறுத்துச் செய்வதே நல்லது.

பாத்திரம்

புளியின் அமிலம் உலோகத்தைக் கரைக்கும். பூச்சில்லாத பித்தளையிலும் செம்பிலும் காய்ச்சினால் களிம்பு இறங்கும்; அது உடலுக்குக் கேடு. அலுமினியம் கூடாது. இரும்பு வாணலியில் காய்ச்சல் மை போலக் கறுத்து, உலோக வாடை அடிக்கும். ஏற்றவை கல்சட்டி, ஈயம் பூசிய பித்தளை உருளி, அடிகனமான எவர்சில்வர் ஆகியவை. கல்சட்டியில் சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் காய்ச்சல் கொதித்துக்கொண்டே இருப்பதால், பதம் வருவதற்குச் சற்று முன்பே தீயை நிறுத்த வேண்டும். புதுக் கல்சட்டியைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். சில நாள் சுடுகஞ்சித் தண்ணீரை ஊற்றி வைத்துப் பழக்கிய பிறகே காய்ச்சலுக்கு எடுக்கலாம்.

காய்ச்சல்

புளியை அரை லிட்டர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுக் கெட்டியாகக் கரைத்து வடிகட்ட வேண்டும். சக்கையில் இன்னும் 150 மில்லி நீர் விட்டு இரண்டாம் முறை கரைத்துச் சேர்க்கலாம். மூன்றாம் முறை பிழிந்தால் நாரின் துவர்ப்புத்தான் வரும். வடிகட்டிய கரைசலைச் சிறிது தெளியவிட்டு, அடியில் தங்கும் மண்ணை விட்டு மேலாக ஊற்றிக்கொள்வது கடைப்புளிக்கு அவசியம்.

எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கைக் காயவைத்து முதலில் பெருங்காயத்தைப் பொரித்தெடுத்து நுணுக்க வேண்டும். அதே எண்ணெயில் நிலக்கடலையைச் சிவக்க வறுத்து எடுத்து வைத்துவிட வேண்டும். காய்ச்சலோடு கொதித்தால் கடலை நமத்துவிடும். அதன் பிறகு கடுகு. அது வெடித்து அடங்கியதும் கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை என்ற வரிசையில் போட வேண்டும். பருப்பு பொன்னிறம் தாண்டுவதற்குள் மஞ்சள்தூளைச் சேர்த்து, உடனே புளிக்கரைசலை ஊற்றிவிட வேண்டும். மஞ்சள் எண்ணெயில் அரை நிமிடம் அதிகம் நின்றாலும் கசக்கும். மொறுமொறுப்பான பருப்பை விரும்புபவர்கள் கடலைப்பருப்பில் பாதியைக் கடலையோடு எடுத்து வைத்துக் கடைசியில் சேர்க்கலாம். கொதியில் வெந்து மெத்தென்று ஆகும் மீதிப் பாதிக்கும் தனிச்சுவை உண்டு.

உப்பைச் சேர்த்து, முதல் கொதி பெருந்தீயில் வந்ததும் தீயைத் தணித்து 25 முதல் 35 நிமிடம் வரை கொதிக்கவிட வேண்டும். கடிகாரத்தைவிடக் கண்ணும் காதும் மூக்கும்தான் இங்கே உதவும். முதல் பத்து நிமிடம் பச்சைப்புளியின் வாடை ஆவியோடு வரும்; நுரையும் பொங்கும். பிறகு வாடை மாறி, வெல்லப்பாகை நினைவூட்டும் மணம் எழும். நீர் குறையக் குறையச் சலசலவென்ற கொதி ஒலி அடங்கி, பெரிய குமிழிகள் விட்டுவிட்டு வெடிக்கும். அப்போது கையில் தெறித்தால் கொப்பளம் போடும். நீளக் கரண்டியும் பாதி மூடிய தட்டும் தேவை. கரண்டியால் அடியைக் கோடிழுத்தால் பாதை சற்று நேரம் மூடாமல் நின்று, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மினுங்க வேண்டும். அந்த நிலையில்தான் வெல்லமும், மீதி எண்ணெயும், நுணுக்கிய பெருங்காயமும் சேரும். இன்னும் இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடலாம்.

எண்ணெய் பிரிவது அழகுக்காகச் சொல்லும் அடையாளம் அல்ல. கரைசலில் நீர் மிகுந்திருக்கும் வரை எண்ணெய் சிறு துளிகளாகச் சிதறி அதற்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். நீர் வற்றி விழுது இறுகியதும் அதற்கு உள்ளே இடமில்லாமல் வெளியேறுகிறது. ஆக, எண்ணெய் மிதக்கிறது என்றால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டிய நீர் பெருமளவு போய்விட்டது என்று பொருள். இந்தப் பதத்துக்கு முன்பே இறக்கிய காய்ச்சல் நான்காம் நாளே பூசணம் பிடிக்கத் தொடங்கலாம்.

முழுதும் ஆறிய காய்ச்சலை ஈரமில்லாத பீங்கான் ஜாடியிலோ கண்ணாடிப் புட்டியிலோ வைத்து, காய்ந்த கரண்டியால் மட்டும் எடுத்தால் வெளியில் இரண்டு வாரமும் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று மாதமும் தாங்கும். மேலே எண்ணெய் நிற்காவிட்டால் இரண்டு கரண்டி காய்ச்சி ஆறவைத்து ஊற்றிக்கொள்ள வேண்டும். சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைப்பது கூடாது.

பொடி

வறுத்துப் பொடிக்கும் சாமான்களை ஒன்றாகக் கொட்டி வறுத்தால் ஏதாவது ஒன்று கருகும், ஏதாவது ஒன்று பச்சையாக நிற்கும். கடலைப்பருப்பு, தனியா, மிளகாய், மிளகு என்று ஒவ்வொன்றாக வறுத்துத் தட்டில் கொட்ட வேண்டும். வெந்தயம் தனியாக, சிறுதீயில். சிவப்பு ஏறத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். அது கருகினால் ஏற்படும் கசப்பை வெல்லமும் மறைக்காது. எள்ளைக் கடைசியாக வெறும் வாணலியில் படபடவென்று பொரியும் வரை வறுத்து, தனியாகவே பொடித்து வைக்க வேண்டும். மற்றவற்றோடு சேர்த்து அரைத்தால் எண்ணெய் விட்டுப் பொடி கட்டியாகிவிடும்.

இந்தப் பொடியில் பாதியைக் காய்ச்சல் இறக்கும் நேரத்தில் சேர்த்து, மீதியைச் சோறு கலக்கும்போது தூவுவது சிறந்த முறை. கொதியில் சேர்ந்த பொடி காய்ச்சலுக்கு உடலைக் கொடுக்கும். மேலே தூவிய பொடி மணத்தைக் கொடுக்கும். எள்ளுப்பொடி முழுவதும் கலக்கும்போதுதான். ஜாடியில் வைக்கும் காய்ச்சலில் எள்ளுப்பொடி போடக் கூடாது. பொடித்த எள் விரைவில் காறும். கடைகளில் விற்கும் புளியோதரைப் பொடியில் புளியும் காய்ந்த நிலையில் கலந்திருக்கும். அதை நேரே சோற்றில் தூவினால் பச்சை வாடை போகாது. எண்ணெயைக் காயவைத்துப் பொடியை அதில் சிறுதீயில் புரட்டிய பிறகு கலந்தால் ஓரளவு தேறும்.

சோறு

பழைய பச்சரிசிதான் முதல் தேர்வு. கோயில்களில் பச்சரிசி மட்டுமே. வீட்டில் பொன்னிப் புழுங்கலிலும் செய்யலாம். உதிரியாக வருவது அதில் எளிது, எண்ணெயையும் புளியையும் உள்ளே வாங்குவது மட்டும் குறைவு. புது அரிசி குழையும். பாஸ்மதி இங்கே உதவாது: அதன் மணம் பெருங்காயத்தோடும் நல்லெண்ணெயோடும் மோதும்.

அரிசியை இரண்டு மூன்று முறை களைந்து 20 நிமிடம் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடிப்பது உதிரிச் சோற்றுக்கு உறுதியான வழி. குக்கரில் வைப்பதானால் வழக்கமாக ஒரு பங்கு பச்சரிசிக்கு இரண்டு பங்கு நீர் விடுபவர்கள், இதற்கு ஒன்றே முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பருக்கையை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். நசுக்காதபோது முனை உடையாமல் நிற்க வேண்டும்.

வெந்த சோற்றை உடனே அகலமான தாம்பாளத்திலோ வாழையிலையிலோ பரப்பி, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயை மேலாக ஊற்றி, இன்னும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் ஓர் ஆர்க்குப் பச்சைக் கறிவேப்பிலையும் தூவ வேண்டும். சூட்டில் கறிவேப்பிலை வாடி மணம் விடும். கரண்டிக் காம்பால் ஒரு முறை புரட்டிவிட்டு, பிறகு ஆறும் வரை கை வைக்கக் கூடாது. சூடான பருக்கையின் மாவுச்சத்து இளகிய கூழாக இருக்கிறது. அப்போது கிளறினால் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டும். ஆறும்போது அது மீண்டும் இறுகி, ஒவ்வொரு பருக்கையும் தனியாக நிற்கும். முன்பே விட்ட எண்ணெய் பருக்கைகளுக்கு நடுவே படலமாக நின்று ஒட்டுதலைத் தடுக்கும். மின்விசிறிக் காற்றில் நேரே ஆறவைத்தால் மேல்பருக்கை வறண்டு விறைக்கும். நிழலில் தானாக ஆறட்டும். அதற்காக மணிக்கணக்கில் வெறுஞ்சோறாக விட்டுவைப்பதும் சரியல்ல. கைச்சூடு அடங்கியதும் கலந்துவிட வேண்டும்.

கலத்தலும் ஊறலும்

மேலே சொன்ன அளவில் காய்ச்சல் ஏறக்குறைய 400 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். 750 கிராம் அரிசி வெந்து இரண்டு கிலோவைத் தாண்டிய சோறாகும். ஒரு கிலோ சோற்றுக்கு 180 முதல் 200 கிராம் காய்ச்சல் என்பது நடுத்தரக் கணக்கு. முதலில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றி, கையாலோ மரக்கரண்டியாலோ கீழிருந்து மேலாகப் புரட்ட வேண்டும். பிசையக் கூடாது. வெள்ளைப் பருக்கை ஒன்றுகூடத் தெரியாத அளவுக்குச் சீராகப் பரவ வேண்டும்; கெடுவது எப்போதும் புளி படாத திட்டுகளிலிருந்தே தொடங்கும். பிறகு எடுத்து வைத்த பொடி, எள்ளுப்பொடி, வறுத்த கடலை சேர்த்து மூடி வைக்க வேண்டும்.

கலந்தவுடன் ருசி பார்த்தால் புளிப்பும் உப்பும் தூக்கலாகத் தெரியும். அதைக் கண்டு மேலும் சோற்றைச் சேர்ப்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் செய்யும் பெரிய தவறு. அப்போது புளியும் உப்பும் பருக்கையின் மேற்பரப்பில் மட்டும் இருக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் அவை உள்ளே இறங்கும்போது நாக்குக்குத் தெரியும் கூர்மை தணியும். ஆகவே கலக்கும்போது ஒரு மாற்றுத் தூக்கலாக இருப்பதே சரி. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ருசி பார்த்து, தேவையானால் மீதிக் காய்ச்சலைச் சேர்க்கலாம். காலையில் கலந்து மதியம் உண்ணும் புளியோதரையே உச்சம்.

கட்டிக்கொண்டு போவது

அரிசியில் இயல்பாக இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும் சூட்டிலும் பிழைக்கும். வெறுஞ்சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. புளியின் அமிலம் இந்தப் பெருக்கத்தைத் தடுக்கிறது; புளியோதரை மற்றச் சோறுகளைவிட நெடுநேரம் தாங்குவதன் ரகசியம் இதுதான். தடுப்பது என்றால் ஒழிப்பது என்று கொள்ளக் கூடாது. மூன்று நாள் தாங்கும் என்று வழிவழியாகச் சொல்வதுண்டு. அன்று கலந்ததை அன்றே தீர்ப்பது, கோடையில் எட்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்காமலிருப்பது என்பதே பாதுகாப்பான அளவு. நீண்ட பயணத்துக்குக் காய்ச்சலைப் புட்டியில் தனியாக எடுத்துச் சென்று, போகும் இடத்தில் சோறு வடித்துக் கலந்துகொள்வது இன்னும் நல்லது.

சூடாகக் கட்டினால் ஆவி நீராகி உள்ளே சொட்டும். அந்த நீர்தான் முதல் எதிரி. முழுதும் ஆறிய பிறகு, தணலில் வாட்டிய வாழையிலையிலோ மந்தாரை இலையிலோ கட்டலாம். எவர்சில்வர் தூக்கு நல்லது. அலுமினியத் தாளை நேரே படும்படி சுற்றினால் புளி அதை அரித்துச் சிறு துளைகள் விழும். நடுவில் இலை வைத்துச் சுற்ற வேண்டும். தொட்டுக்கொள்ள வடகம், மோர்மிளகாய், அப்பளம் போன்ற உலர்ந்தவையே ஏற்றவை. தேங்காய்த் துவையல் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும்.

அண்டை மாநிலங்களில்

கர்நாடகத்தின் புளியோகரே காய்ச்சலில் இனிப்பு ஏறியிருக்கும். வெல்லம் அங்கே பேருக்கு இல்லை, அளவாகவே சேரும். கொப்பரைத் துருவலும் வறுத்த எள்ளும் பொடியில் முக்கிய இடம் பெறும். கொப்பரை உலர்ந்ததால் பச்சைத் தேங்காயைப் போல விரைவில் கெடாது. மண்டியா மாவட்டத்தில், ராமானுஜரோடு தொடர்புடைய செலுவநாராயண சுவாமி கோயில் உள்ள மேல்கோட்டை இதற்குப் பெயர்பெற்ற ஊர். கோயிலுக்குப் போகிறவர்கள் புளியோகரே உண்ணாமல் திரும்புவது அரிது.

ஆந்திரம், தெலங்கானாவின் புலிஹோராவில் வறுத்த தனியாப் பொடி கட்டாயமில்லை. மஞ்சள் மிகுந்து, பச்சை மிளகாய் சேர்ந்து, நிறம் பளிச்சென்றிருக்கும், புளிப்பும் வெளிப்படையானது. கடுகை அரைத்துச் சேர்க்கும் ஆவபுலிஹோரா கோதாவரிப் பக்கத்தில் செல்வாக்குள்ளது. பச்சைக் கடுகின் மூக்கில் ஏறும் காரம் சூட்டில் பறந்துவிடும் என்பதால், சோறு ஆறிய பிறகே கடுகு விழுதைக் கலப்பார்கள். திருமலையில் லட்டின் புகழுக்கு முன்னால் பேசப்படாமல் போனாலும், புலிஹோராவும் அங்கே நிவேதனப் பிரசாதங்களில் ஒன்று.

பெரிய அளவில் செய்யும்போது

நூறு பேருக்கு அதையே முதன்மை உணவாக வைப்பதானால் 12 முதல் 14 கிலோ அரிசி, அதற்கு 1.6 முதல் 1.9 கிலோ புளி என்று கணக்கிடலாம். பிற அளவுகள் ஏறக்குறைய அதே விகிதத்தில் ஏறும். எண்ணெயை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். நேரம்தான் கணக்குக்குக் கட்டுப்படாது. நீர் ஆவியாவது மேற்பரப்பைப் பொறுத்தது. ஆழமான அண்டாவில் காய்ச்சினால் இரண்டு மணி நேரமானாலும் பதம் வராது. அகலமான உருளியில், குறைந்த நீரில் கெட்டியாகக் கரைத்துக் காய்ச்ச வேண்டும். காய்ச்சலை முதல் நாளே முடித்துவைப்பது வேலையையும் குறைக்கும், சுவையையும் கூட்டும். சோற்றை ஒரே குவியலாகக் கொட்டினால் நடுப்பகுதி வெகுநேரம் சூடாக இருந்து புளிக்கத் தொடங்கும். சுத்தமான வேட்டியில் நாலு விரற்கடைக்கு மேல் உயராமல் பரப்ப வேண்டும்.

குறைகளும் மருந்தும்

புளிப்பு மிகுந்தால் வெல்லமும் ஒரு கரண்டி காய்ச்சிய எண்ணெயும் சேர்க்கலாம்; தண்ணீர் தெளிக்கவே கூடாது. உப்பு மிகுந்தால் உப்பில்லாமல் வடித்த சோறுதான் வழி. பச்சைப்புளி வாடை அடித்தால், கலப்பதற்கு முன்பென்றால் காய்ச்சலை மறுபடி அடுப்பேற்றலாம். கலந்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. ஊறிய பின் சோறு வறண்டு விறைத்திருந்தால் வெதுவெதுப்பான நல்லெண்ணெயை விரல்நுனியால் தெளித்துப் புரட்டினால் இளகும். கசப்புக்குக் காரணம் கருகிய வெந்தயமோ கருகிய மஞ்சளோ; அதற்கு மருந்து இல்லை, காய்ச்சலைப் புதிதாக வைக்க வேண்டியதுதான். குழைந்த சோற்றில் காய்ச்சலை வீணாக்க வேண்டாம். அதை வேறு சமையலுக்குத் திருப்பிவிட்டு, புதிதாக வடித்துக்கொள்வது மலிவு.

ஜாடியில் எஞ்சும் காய்ச்சல் சோற்றுக்கு மட்டும் உரியதல்ல. களைந்து பிழிந்த கெட்டி அவலில் கலந்தால் பத்து நிமிடத்தில் புளி அவல் ஆயிற்று. முதல் நாள் இட்லியை உதிர்த்து இதில் புரட்டலாம். சேமியாவுக்கும் வரகரிசிச் சோற்றுக்கும் பொருந்தும். ஜாடியின் அடியில் பருப்பும் மிளகாயும் மட்டும் தங்கியிருக்கும்போது இரண்டு கரண்டி சுடுசோற்றைப் போட்டுத் துடைத்தெடுப்பது வீடுகளில் நடப்பதுதான். அப்போதாவது சோறு சூடாக இருக்கலாம்.